வீட்டுப் பேச்சில் ஒரு பாவசங்கீர்த்தனம்

தையல்காரிக்கு மூக்குக்குமேல் கோபம். பதினாலு வருஷமாக முகம் கொடுத்துப் பேசாத நாத்தனாருக்காக ஆஸ்பத்திரிக்கு வரவேண்டுமாம்! வந்துவிட்டாள். அந்த ஊரில் அவர்கள் பாஷையைப் பேசுவது பத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள்தான். ஜெபத்துக்கும் சண்டைக்கும் அதுவே. பக்கவாதம் வந்ததும் நாத்தனாருக்கு ஊர்ப் பாஷை சுத்தமாக மறந்துபோய், வீட்டுப் பேச்சு மட்டும் மிஞ்சியது. புது ஃபாதருக்கோ ஊர்ப் பாஷைதான் தெரியும். மூன்று மணிக்குத் தலையில் ஆபரேஷன். அதற்குள் ஃபாதரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யணும், மொழிபெயர்க்க அண்ணிதான் வரணும் என்று நாத்தனார் ஒற்றைக்காலில் நின்றாள். இரண்டு பேருக்கும் என்ன உறவு என்று ஃபாதருக்கு யாரும் சொல்லவில்லை.

"கேட்டதை சாகுற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதும்மா," என்றார் அவர்.

"எனக்கெதுக்கு ஊர்வம்பு?" என்றாள் தையல்காரி.

திரைச்சீலை மெல்ல உப்பி அடங்கியது. மத்தியான வெளிச்சம் கட்டிலைச் சுற்றித் தண்ணீர் மாதிரி நின்றது. நாத்தனார் கண்ணை மூடியபடி பேச, இவள் பின்னாலேயே ஊர்ப் பாஷையில் சொல்லிக்கொண்டு போனாள். பொய் சொன்னேன். பூசையில் தூங்கினேன். பொறாமைப்பட்டேன். கொஞ்ச நேரத்தில் எந்தக் குரல் யாருடையது என்றே தெரியாத ஒரு மிதப்பு வந்துவிட்டது.

"ஒருநாள் போன் வந்துச்சு. அண்ணியோட அம்மா சாகக் கெடக்காங்கன்னு. அண்ணி மேல கடுப்புல இருந்தேன். சாயங்காலம்தான் சொன்னேன்."

தையல்காரி சட்டென்று நாத்தனார் பக்கம் திரும்பினாள். அன்றைக்கு இவள் போய்ச் சேர்ந்தபோது அம்மாவின் உள்ளங்கையில் மட்டும் கொஞ்சம் சூடு இருந்தது. இப்போது சுவர்கள் விலகி எங்கோ போயின. கட்டிலுக்கு அந்தப் பக்கம் அம்மா உட்கார்ந்து சட்டைக்குப் பட்டன் வைத்துக்கொண்டிருந்தாள்; கூப்பிட்டும் நிமிரவில்லை. அடிப்பாவி, இதற்காகவா என்னை வரச் சொன்னாய்! எழுந்து போய்விடலாம். எதையாவது மாற்றிச் சொல்லிவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது?

"என்னம்மா சொல்றாங்க?" என்றார் ஃபாதர்.

"போன் வந்துச்சு," என்றாள். "அண்ணிகிட்ட மறைச்சுட்டேன். அவங்க அம்மாவ உயிரோட பாக்கவிடாமப் பண்ணிட்டேன்." எதையும் மறைக்கவில்லை. அழுகை மட்டும் அவளுடையது, அதை அடக்கவும் முடியவில்லை.

"அந்த அண்ணிகிட்ட மன்னிப்பு கேக்கச் சொல்லுங்க. அதுதான் பரிகாரம்."

சொன்னாள். நாத்தனார் கண்ணைத் திறந்து இவளையே பார்த்தாள்.

"மன்னிச்சிரு அண்ணி."

ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் கதவருகே வந்து நின்றார். "என்ன சொன்னாங்க?" என்று ஃபாதர் அவசரப்பட்டார்.

தையல்காரி புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, நாத்தனாரின் தலையணையை வெடுக்கென்று நேராக்கினாள்.

"அண்ணி மன்னிச்சாச்சு ஃபாதர். நீங்கதான் பாக்கி, சீக்கிரம் மன்னிங்க."