முக்காடு போட்ட டி.வி.

எங்கள் பால்வாடியில் டி.வி.க்கு முக்காடு போட்ட டீச்சர் மலிகா நான்தான். அதற்குத் தெருவே சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும்.

திருவொற்றியூரில் கண்டெய்னர் லாரிகள் போகிற சாலையை ஒட்டிய கட்டடம். நாளெல்லாம் ஹாரன் சத்தம். அதிலேயே வளர்ந்த பிள்ளைகள் எதையும் காதில் வாங்காமல் இருக்கப் பழகிவிட்டார்கள். பேர் சொல்லிக் கூப்பிடக்கூடத் தொண்டை கிழியக் கத்த வேண்டும். ஒரு கம்பெனி டி.வி.யும் கதை சொல்லும் கார்ட்டூன் வீடியோக்களும் கொடுத்தபோது, இனி கவனித்துக் கேட்பார்கள் என்று நம்பினேன். வாயைப் பிளந்து பார்த்தார்களே தவிர, நண்டு ஆமையிடம் என்ன சொன்னது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை.

எனக்கு வந்த கோபத்தில் பீரோவில் கிடந்த பழைய துப்பட்டாவை எடுத்து டி.வி. மேல் போட்டேன். முதலில் ஓடுகிற கதையைக் காதால் மட்டும் கேட்க வேண்டும், நண்டு எங்கே போனது, யாரோடு சண்டை போட்டது என்று சொல்ல வேண்டும். அப்புறம்தான் துணியை எடுத்துப் படம் காட்டுவேன். முதல் வாரம் முழுக்க ஒரே அழுகை. தமன்னா என்ற பிள்ளையின் அம்மா ரிஃபானா, ஓசியில் வந்ததைக் காட்டக்கூட உனக்கு மனசு வரவில்லையா என்று சண்டைக்கே வந்தாள். நான் மசியவில்லை. போகப் போக அது பிள்ளைகளுக்கு விளையாட்டாகிவிட்டது. யாராவது துணியைத் தூக்கி எட்டிப் பார்த்தால், கதையைக் கெடுக்கிறான் என்று மற்றவர்கள் அடிக்கப் போவார்கள். தமன்னா இப்போதெல்லாம் ஒரு தடவை கூப்பிட்டாலே திரும்பிவிடுகிறாள் என்று ரிஃபானாவே வந்து சொன்னாள்.

நேற்று கம்பெனியிலிருந்து மனோகரன் போட்டோகிராஃபரோடு வந்தார். பிள்ளைகள் வீடியோ பார்க்கிற போட்டோ வேண்டுமாம். இல்லையென்றால் டி.வி. அத்திப்பட்டு சென்டருக்குப் போய்விடுமாம். துணிக்குள்ளே கதை ஓடிக்கொண்டிருந்தது. முடியட்டும், நானே துணியை எடுக்கிறேன் என்றேன். அவருக்கு நேரமில்லையாம். தானே துப்பட்டாவை உருவினார்.

பிள்ளைகள் அத்தனை பேரும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்கள்.

மனோகரன் திகைத்துப் போய், டி.வி.யைப் பாருங்கள், பாருங்கள் என்று கைதட்டினார். தமன்னா கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

“கம்முனு இரு சார். நண்டு பேசிகினு கீது.”

போட்டோகிராஃபர் எடுத்ததைக் காட்டினார். மொத்த வகுப்பும் உட்கார்ந்தபடியே தூங்குவது போலிருந்தது. இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது, நாளைக்கே டி.வி.யை எடுத்துவிடுவோம் என்றார் மனோகரன். இன்னொரு டி.வி.க்கு நான் எங்கே போவேன்? ஆனாலும் அந்த மூடிய கண்களைப் பார்த்தபோது வந்த திமிர் இருக்கிறதே, அது ஜென்மத்துக்கும் போதும்.

“தூக்கினு போங்க சார். நான் வாயாலயே கதை சொல்லிக்கிறேன். ஆனா இந்தக் கதை முடியற வரைக்கும் டி.வி.ல கை வெக்கக் கூடாது. உக்காருங்க.”

வெளியே ஒரு லாரி காது கிழிய ஹாரன் அடித்துக்கொண்டு போனது. ஒரு பிள்ளைகூட அசையவில்லை. மனோகரன் அவர்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஷூவைக் கழற்றிவிட்டுப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார்.