நீள சீட்டும் ஆறாவது கியரும்

என் சைலன்சர் கடையில் கார்களைத் தூக்கி நிறுத்த இரண்டே லிஃப்ட்தான். அதில் ஒன்றைப் பனி உருகத் தொடங்கியதிலிருந்து என் அண்ணன் வெர்லினின் கார் பிடித்துக்கொண்டிருந்தது. வேறு யாருடையதாக இருந்தாலும் இழுத்துத் தெருவில் விட்டிருப்பேன். கூடப்பிறந்த பாவத்துக்குப் பொறுத்துக்கொண்டேன்.

கார் அறுபத்தொன்பதாம் வருஷத்துச் செவெல். கரும்பச்சை நிறம், இரண்டு கதவு, தேவைக்கு மேல் பெரிய இன்ஜின், நாலு கியர். ஊருக்குள் ஓட்டும்வரை சுகமாக இருக்கும். நெடுஞ்சாலையில் ஏறிவிட்டால் நாலாவதுக்கு மேல் போட ஒன்றும் கிடையாது. இன்ஜின் தொண்டை கிழியக் கத்திக்கொண்டே வரும். பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை பேச முடியாது.

முன்சீட்டு கதவுக்குக் கதவு ஒரே நீளம். ஜன்னலோரம் காலியாகக் கிடந்தாலும் அண்ணி மார்லிஸ் நடுவில்தான் உட்காருவார், கல்யாணத்துக்கு முன்பிருந்தே. எங்கள் விஸ்கான்சினில் அந்தக் காலத்தில் ஒரு பெண் ஒருவனைக் கட்டிக்கொள்ளப் போகிறாளா என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. காரில் நடுவில் உட்கார்ந்திருக்கிறாளா, ஜன்னலோரமா என்று பார்த்தால் போதும்.

ஒவ்வொரு கோடையிலும் இருவரும் டுலூத்தில் இருக்கும் அண்ணியின் தங்கை வீட்டுக்குப் போவார்கள். மூன்று வருஷத்துக்கு முன் அண்ணி கையை விரித்துவிட்டார்.

"அந்தக் கத்தல்ல நாலு மணி நேரம் உட்கார்ந்தா எனக்கு ரெண்டு நாளைக்குத் தலை தூக்க முடியல. நான் வேன்ல வர்றேன்."

அதிலிருந்து அண்ணன் செவெலில் முன்னால் போவான். அண்ணி சாப்பாட்டுப் பெட்டியோடு வேனில் பின்னால் போவார். ஊரே சிரித்தது. நானும்தான்.

"ரெண்டு பேரும் வேன்லயே போய்த் தொலைங்களேன்" என்று ஒரு தடவை சொன்னேன்.

"டுலூத் ஏரிக்கரை ரோட்டுல ஓட்டத்தானேடி இந்தக் காரே" என்றான். அப்புறம், "கண்ணாடியில பொண்டாட்டி மூஞ்சியப் பாத்துக்கிட்டே அவ்வளவு தூரம் ஓட்டுறேன் ரோண்டா. அலுத்துப்போச்சு. அவ திரும்ப நடுவுல வந்து உட்காரணும்" என்றான்.

அண்ணி அதற்கு வைத்த நிபந்தனை ஒன்றுதான். "ஜன்னலை ஏத்திட்டு நான் சாதாரணமாப் பேசினா அவனுக்குக் கேக்கணும். கேட்டா வர்றேன்."

அதற்காகத்தான் இந்தக் காலத்து ஆறு கியர் பெட்டி வந்தது. அதில் மேல் இரண்டு கியர்கள் வேகமாகப் போகும்போது இன்ஜினை ஓய்வெடுக்க விடுவதற்கென்றே இருப்பவை. ஆனால் பெட்டி பழையதைவிடப் பெரியது. காரின் தரையை வெட்டி மேடாக்கினால்தான் உள்ளே போகும். முன்சீட்டைக் கழற்றி ஓரமாகப் போட்டோம். சுண்ணக்கட்டியால் கோடு போட்டுவிட்டு அண்ணன் கிரைண்டரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான், நின்றான், நின்றுகொண்டே இருந்தான். கடைசியில் நான் பிடுங்கி வெட்டினேன். அவன் வாசலில் போய்த் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பெட்டி ஏறியது. பின்சக்கரத்துக்குப் போகும் தண்டைக் குறுக்கினோம், கிளட்சைச் சரிசெய்தோம், வெட்டிய இடத்தில் புதுத் தகடு வைத்து வெல்டிங் அடித்தேன். வெள்ளரி ஊறுகாய் வந்த வாளி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, காருக்குள் அதன்மேல் உட்கார்ந்து அண்ணன் ஒன்றிலிருந்து ஆறு வரை போட்டுப் பார்த்தான். "என்னமா விழுதுடி" என்று சொல்லிச் சொல்லி மறுபடி மறுபடி போட்டான்.

சனிக்கிழமை அண்ணி சுட்ட தொத்திறைச்சியும் உருளைக்கிழங்கு சாலடும் கொண்டுவந்தார். சாப்பிட்டுவிட்டு அவர் எதிரிலேயே சீட்டைத் தூக்கி மாட்டினோம். அண்ணன் ஏறி உட்கார்ந்து முதல் கியரைப் போட்டான். இரண்டாவதுக்குக் கியர் லிவரைப் பின்னால் இழுத்தான். அது சீட்டின் விளிம்பில் இடித்து நின்றது. நாலாவதும் அப்படியே. ஆறாவதும் அப்படியே.

புதுப் பெட்டியில் லிவர் பழையதைவிடப் பின்னால் தள்ளி வெளியே வருகிறது. சீட்டு இருந்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். எங்களைப் போன்றவர்கள் சீட்டைத்தான் முதலில் கழற்றுவோம், கடைசியில்தான் மாட்டுவோம். வாளிமேல் உட்கார்ந்து எல்லாம் பிரமாதம் என்று கைகொடுத்துக்கொள்வோம்.

"ஆறு கியர் பெட்டியப் போட்டு மூணு கியர் வண்டி பண்ணிட்டோம் அண்ணே" என்றேன். அவன் சிரிக்கவில்லை.

"எல்லாரும் இதுக்கு ரெண்டு தனிச் சீட்டு வாங்கிப் போட்டுடுவாங்க" என்றேன்.

அண்ணி தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். "அப்ப நடுவுல என்ன இருக்கும்?"

"லிவர் இருக்கும். காப்பி டம்ளர் வைக்க ஒரு குழி இருக்கும்."

"அப்ப அந்தக் காப்பியக் கூட்டிக்கிட்டு அவனே போகட்டும்" என்று சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வேன் போகும் சத்தம் அடங்கும்வரை அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தான். "பழசையே மாட்டிடு ரோண்டா. சீட்டாவது மிஞ்சட்டும்" என்றான். அவனை அப்படிப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. கோபமெல்லாம் என் மேல்தான். வெட்டியவள் நான்தானே, சீட்டை வைத்து அளந்திருக்க வேண்டாமா?

பழைய பெட்டியை எடுக்கக் கடையின் பின்பக்கம் போனேன். அதன் லிவர் சுவரில் ஆணியில் தொங்கியது. கோணல் லிவர். அடியில் முன்பக்கமாக நன்றாக வளைந்து, அப்புறம் நிமிரும். யாரோ முரடன் இழுத்து வளைத்துவிட்டான் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். கையில் எடுத்துப் பார்த்தேன். வளைவு இரண்டு பக்கமும் ஒரே சீராக இருந்தது. எந்த முரடனுக்கும் அப்படி வளைக்க வராது. காரைச் செய்தவர்களே நீள சீட்டுக்காக வளைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

"அண்ணே, இறங்காத. அப்படியே உட்காரு" என்று கத்தினேன்.

புது லிவரை அடியில் கொஞ்சம் விட்டு அறுத்துவிட்டுப் பழைய கோணலை அதன் கட்டைமேல் வைத்து வெல்டிங் அடித்தேன். ஆறாவதில் இழுத்தபோது லிவருக்கும் சீட்டுக்கும் நடுவே ஒரு விரல் நுழைந்தது. அது போதும். ஆனால் லிவர் நுனிக் குமிழ் இப்போது ரேடியோவுக்குப் பக்கத்தில் போய்விட்டது. ஐந்தாவது போட அண்ணன் சீட்டிலிருந்து முதுகை எடுத்து எக்க வேண்டியிருந்தது. அவன் அதைப்பற்றி மூச்சுவிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து அண்ணி வந்தார். நான் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன், வெல்டிங் விட்டுப்போனால் பார்க்க ஆள் வேண்டுமே. அண்ணி கதவைத் திறந்தார், ஜன்னலோர இடத்தை ஒரு நிமிஷம் பார்த்தார், பிறகு நகர்ந்து நடுவில் போய் லிவருக்கு இரண்டு பக்கமும் கால்களை வைத்துக்கொண்டார். ஜன்னல்களை ஏற்றினோம்.

நெடுஞ்சாலையில் ஏறினோம். மூன்று, நாலு. இன்ஜின் பழையபடி கத்தத் தொடங்கியது. ஐந்தாவதுக்கு அண்ணன் எக்கியபோது கார் கொஞ்சம் ஓரம் விலகியது. அண்ணி அவன் கையைத் தட்டிவிட்டுக் குமிழைப் பிடித்தார்.

"நீ காலை மட்டும் பாரு. மிதிச்சதும் சொல்லு."

"மிதிச்சாச்சு."

ஐந்து விழுந்தது. இன்னொரு முறை "மிதிச்சாச்சு" என்றான். அண்ணி ஆறாவதுக்கு இழுத்தார். லிவர் சீட்டை உரசாமல் போய் உட்கார்ந்தது. இன்ஜின் சத்தம் அப்படியே கீழே இறங்கி, டயர் ரோட்டில் ஓடும் சத்தம் மட்டும் மிஞ்சியது. அண்ணனின் பின்கழுத்து சிவந்திருந்தது. அண்ணி பேசினால் கேட்குமா என்ற பயம்தான். அவனைவிட எனக்குப் பயம்.

அண்ணி சமையலறையில் பேசுகிற குரலில் பேசினார்.

"வெர்லின், நீ லேன் மாத்துறப்ப சிக்னலே போடறதில்ல."

அண்ணன் "கேட்டுச்சு" என்றான்.

"மூணு வருஷமாப் பின்னாடியே வந்து பாத்தவ நான். ஒரு தடவைகூடப் போட்டதில்ல."

"வேற என்ன?"

"நிறைய இருக்கு. டுலூத் வரைக்கும் வரும்."

நாங்கள் திரும்ப வேண்டிய இடம் வந்து, போயே போய்விட்டது. கடைக் கதவைப் பூட்டாமல் வந்திருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்புறம் மூடிக்கொண்டேன். முன்னால் ஒரு பால் லாரி போய்க்கொண்டிருந்தது. அதைத் தாண்ட அண்ணன் சிக்னல் போட்டான். அந்தக் காரில் சிக்னலுக்குச் சத்தம் உண்டு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அதன் டிக் டிக் பின்சீட்டு வரைக்கும் கேட்டது.