அளவெடுக்காத கவசம்

மரிகினா நகரத்துச் செருப்புப் பட்டறையில் வேலை பார்க்கும் டொமெங், அங்கே தன்னோடு வேலை செய்யும் ஷைராவுக்கு மாறுவேடப் போட்டிக்காக வீட்டிலேயே போர்க்கவசம் செய்யப்போகிறான் என்றதும் அவன் மனைவி லிகாயாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அச்சு எடுக்க, உடம்பில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, மேலே டேப் ஒட்டி, அப்படியே வெட்டிக் கழற்ற வேண்டுமாம்.

"அவ மேல நீ ஒண்ணும் கை வைக்க வேணாம். என்னைச் சுத்து" என்று கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். மூச்சு முட்டினாலும் உள்ளுக்குள் ஒரே குஷி. தன் இடுப்புக்குச் செய்தது அந்தக் கொத்தவரங்காய்க்கு லொடலொடவென்று ஆடும்; கூட்டத்தில் அவள் மானம் போகட்டும்.

டொமெங் ரப்பர் பாயை வெட்டி, சூடு காட்டி வளைத்து, பசை போட்டு ஒட்டி, வெள்ளி வண்ணம் அடித்து முடித்தான். ஷைரா வந்து மாட்டிப் பார்த்தாள். தோளிலும் இடுப்பிலும் விரல் நுழைய இடமில்லை.

"அய்யோ அண்ணி! அண்ணன் என்னை அளவே எடுக்கலையே, அச்சுல வார்த்த மாதிரி இருக்கே!"

"தினமும் பாக்குற ஆளுதானே? குத்துமதிப்பா அங்கங்க குறைச்சேன்" என்று பல்லைக் காட்டினான் டொமெங்.

ஷைராவுக்குச் சிரித்த முகத்தோடு கலமன்சி ஜூஸ் கொடுத்து அனுப்பிவிட்டு, லிகாயா கதவைச் சாத்தினாள்.

"என்னையும் தினமும்தானே பாக்குற? ஒரு ஜோடி செருப்பு கொண்டுவான்னா, என் கால் சைஸ் என்னன்னு பட்டறையிலேருந்து இன்னும் போன் பண்ணிக் கேக்குறியே, அது ஏன்?"