நீர்மட்டத்தில் நின்றவர்

கடல் ஏறும்போது கிரைன் மால்யார்ஸும் ஏறுவார். ஸீலாந்து என்ற கடற்கரை மாகாணத்தில் எங்கள் ஊர் கடலைவிடத் தாழ்ந்தது. நடுவே மண்கரை ஒன்று நிற்பதால் பிழைத்துக் கிடக்கிறோம். கரைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் எந்த உயரத்தில் இருக்கிறதோ, இந்தப் பக்கம் கிரைனின் பாதங்களும் அதே உயரத்தில் இருக்கும். சாதாரண நாளில் ஏற்றத்தின்போது மேசை உயரம், கடல் வற்றத்தின்போது தரை. பௌர்ணமி அமாவாசைகளில் வீட்டு உத்தரத்தில் முதுகு ஒட்டப் படுத்திருப்பார். ஐம்பத்து மூன்றாம் வருஷத்து வெள்ளத்தில் ஓட்டுக்கூரைமேல் தொற்றிக்கொண்டு பிழைத்த சிறுவன் அவர். தாயையும் இரண்டு தங்கைகளையும் கடல் கொண்டுபோனது. தண்ணீர் வடிந்தது; அவர் மட்டும் வடியவில்லை. மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார், பாதிரியார் ஜெபம் செய்தார். அதற்குள் உருளைக்கிழங்கு தோண்டும் பருவம் வந்துவிட்டது, எல்லாரும் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

யாகோமினா அவரை விரும்பித்தான் கட்டிக்கொண்டாள். காற்று அவரைப் பக்கத்து வீட்டு முட்டைக்கோஸ் பாத்திக்குத் தள்ளிவிடாதபடி கணுக்காலை அடுப்பின் காலோடு கயிற்றால் கட்டுவாள். சூப்புக் கிண்ணத்தை மேலே நீட்டுவாள். சிப்பி பொறுக்கப் போகும் பெண்கள் ஜன்னல் வழியே அவர் பாதங்களைப் பார்த்துத்தான் கிளம்புவார்கள். ஒன்றே ஒன்றுதான் அவளால் முடியவில்லை. கிரைன் கரைமேல் ஏற மாட்டார். கடலின் முகத்தில் விழிக்க மாட்டார். பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போன பிறகும் அப்படித்தான் இருந்தார்.

யாகோமினாவின் பார்வை மங்கத் தொடங்கியது. குளிர்காலத்துக்குமேல் தாங்காது என்று கண் மருத்துவர் சொல்லிவிட்டார். அந்தக் கோடையில் பக்கத்து ஊரான சிரிக்சேயில் துறைமுகத் திருவிழா வந்தது. பழைய பாய்மரக் கப்பல்கள் வரும். பெண்கள் கஞ்சி போட்ட வெள்ளைத் தொப்பியோடு வருவார்கள்.

"கப்பலைப் பாக்கணும், கிரைன். அடுத்த வருஷம் எனக்குத் தெரியாது."

"போய்ட்டு வா. நெல்லாவைக் கூட்டிட்டுப் போ."

"நெல்லாவையா நான் கட்டிக்கிட்டேன்?"

வேலிக்கு அப்பால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு நெல்லா குரல் கொடுத்தாள். "என்னைக் கட்டியிருந்தா எப்பவோ கூட்டிட்டுப் போயிருப்பேன்!"

கடைசியில் கிரைன் இணங்கினார்; திருவிழா அன்று காலை வற்றத்தில் இருவரும் பேருந்து ஏறினார்கள். மத்தியானம் கடல் ஏற ஏற, கிரைன் துறைமேடையின் இரும்புத் தூணைக் கட்டிப்பிடித்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். பாதங்கள் கல்லைவிட்டு எழவில்லை. மேடை நீர்மட்டத்துக்கு மேலே இருந்தது, அவ்வளவுதான். இத்தனை வருஷத்தில் இது யாருக்கும் தோன்றவில்லை. ஏற்ற நேரத்தில் யாகோமினா புருஷனோடு கைகோத்து நடந்தது அன்றைக்குத்தான். வெங்காயம் தூவிய ஹெரிங் மீனை வாலைப் பிடித்துத் தூக்கித் தின்றார்கள். பித்தளை வாத்தியக்காரர்களுக்கு முன்னால் கொஞ்சம் ஆடினார்கள். அவள் ஒவ்வொரு கப்பலையும் முகத்தை ஒட்ட வைத்துப் பார்த்தாள், கிரைனோ கப்பலுக்குக் கீழே இருந்ததைப் பார்க்காமல் பாய்மரங்களையே பார்த்துக்கொண்டு நடந்தார்.

இசாக் என்ற சிப்பிக்காரர் தன் படகில் ஜனங்களை ஏற்றிக்கொண்டிருந்தார். ஏறுபலகைக்குப் பக்கத்தில் விழுந்த நிழலைப் பலகை என்று நினைத்து யாகோமினா கால் வைத்தாள். மேடைக்கும் படகுக்கும் நடுவே விழுந்தாள். பாவாடை ஒருகணம் குடையாக விரிந்தது, பிறகு அதுவும் உள்ளே போனது. கிரைனுக்கு நீச்சல் தெரியாது. குதித்தார்.

குதித்தவர் முழங்கால் அதிர நீர்மேல் நின்றார். இரண்டு எட்டு நடந்து, மண்டியிட்டு, தோள்வரை கையை உள்ளே விட்டுத் துழாவினார். அப்போதுதான் கடலை நேருக்கு நேர் பார்த்தார். "மூணு பேரை எடுத்துக்கிட்டேல்ல," என்று அவர் சொன்னது இசாக்குக்குக் கேட்டது. "இவளைக் குடு." கைக்கு முதலில் தலைமுடி கிடைத்தது, அப்புறம் மணிக்கட்டு.

"யோவ், படகு வந்து மோதப்போவுது! சும்மா நின்னுக்கிட்டு இருக்காதே, ஓரமா வா!" என்று கத்திக்கொண்டே இசாக் கழியை ஊன்றிப் படகைத் தள்ளிப்பிடித்தார். மேடையிலிருந்து நாலு பேர் கை கொடுத்தார்கள். ஹெரிங் கடைக்காரி மீன் நாற்றமடிக்கும் துண்டை எடுத்துவந்தாள்.

யாகோமினா இருமி முடித்துவிட்டு, "செருப்பு போச்சு," என்றாள்.

"செருப்புதானே," என்ற கிரைனுக்கு அழுகை நிற்கவில்லை. வாத்தியக்காரர்கள் விட்ட இடத்திலிருந்து வாசித்தார்கள்.

மறுநாள் விடியற்கால ஏற்றத்தில் படுக்கையிலிருந்து கிரைன் எழும்பியபோது யாகோமினாவும் கூடவே எழும்பினாள். ஊரில் இதைப் பற்றி அதிகம் பேச்சில்லை. ஒரே தண்ணீரில் இருந்துவிட்டு வந்தவள், வேறென்ன ஆகும். குளிர்காலத்தில், மருத்துவர் சொன்னபடியே, அவள் பார்வை போனது. தச்சரை அழைத்து உத்தரத்துப் பலகைகளை எடுக்கச் சொன்னார்கள். இப்போதெல்லாம் பௌர்ணமி ஏற்றத்தில் இருவரும் கைகோத்தபடி மாடிக்குப் போய்ச் சேருகிறார்கள். அங்கே ஜன்னல் கரையைவிட உயரம். எந்தக் கப்பல் வருகிறது, எது போகிறது, பாய் என்ன நிறம் என்று கிரைன் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருப்பார். காப்பியைத் தூக்கிக்கொண்டு படியேறி வர நெல்லாவுக்குத்தான் மூச்சு வாங்குகிறது.