ஆள் வராத மலைக்கு ஒரு மனு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கதையாகத் தொடங்கவில்லை, மனுவாகத் தொடங்கியது. ரங்கூன் பபேடான் பேட்டையில் மனு எழுதும் என் மேசைக்கு எதிரே செசிலியா வந்து உட்கார்ந்து, "சயா, ஜப்பான்ல ஒரு முதலாளிக்கு எழுதணும். மலையை மூடாதீங்கன்னு எழுதணும்" என்றாள். 'சயா' என்றால் பர்மிய மொழியில் வாத்தியார்.

[மலையை எப்படி மூடுவார்கள் என்று கேட்டேன். "கடையை மூடுற மாதிரிதான்."]

எந்த மனுவுக்கும் முன்னால் நடந்ததை வரிசையாக எழுதிக்கொள்வது, கியாக்தான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எனக்குப் படிந்த பழக்கம். அந்த வரிசைதான் இது.

2

வெண்பனி போர்த்திய அந்த மலையின்

வேண்டாம். நான் பனியைப் பார்த்ததில்லை. பார்த்துவிட்டு வந்த செசிலியாவும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

2 (மறுபடியும்)

செசிலியாவின் மகன் ஜெரால்டுக்கு இருபத்தாறு வயது. ரங்கூனில் இந்த வயதுப் பையன்களைக் கட்டாயமாகப் படைக்கு எடுக்கிறார்கள். அவன் ஜப்பானில் ஒரு சின்னப் பனிச்சறுக்கு மலையில் இருக்கிறான். கம்பியில் தொங்கும் நாற்காலிகளில் ஆட்களை ஏற்றி மேலே அனுப்பும் வேலை. மலையை மூடினால் வேலை போகும், வேலை போனால் விசா போகும், விசா போனால்

[இந்த வாக்கியத்தை முடிக்க செசிலியா விடவில்லை. அப்படியே இருக்கட்டும்.]

3

பிப்ரவரியில் மகனைப் பார்க்கப் போனாள். கார் நிறுத்தும் இடத்தில் நாலே நாலு கார்.

"இன்னிக்கு லீவாடா?"

"இல்ல மம்மி, ஞாயித்துக்கிழமை. இன்னிக்குத்தான் கூட்டம்."

வருகிறவர்களுக்கு இந்த மலை பிடிப்பதே அதனால்தானாம். வரிசை கிடையாது, நெரிசல் கிடையாது, மலை முழுக்க நமக்கே. செசிலியா அந்த நாலு காரையும் மறுபடி எண்ணினாள். முப்பது வருஷம் துணிக்கடையில் நின்றவள். ஆள் வராத கடை என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

அடிவாரத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் கண்ணாடியோரம் உட்கார்ந்து, சறுக்கி இறங்குகிறவர்களை எண்ணத் தொடங்கினாள். கையில் ஜெபமாலை. ஆளுக்கு ஒரு மணி. மத்தியானத்துக்குள் ஐம்பத்து மூன்று சின்ன மணியும் முடிந்துவிட்டன. ஓடிப்போய் மகன் கையைப் பிடித்தாள்.

"அம்பத்தி மூணு பேருடா! பயப்படாதே!"

"நீலச் சட்டைதான் ரொம்பப் பேரோ?"

"ஆமா. யூனிஃபார்மா?"

"மம்மி, அது ஒரே தாத்தா. காலையிலேருந்து ஏறி ஏறி இறங்குறாரு."

"அப்ப மொத்தம்?"

"என்னையும் சேர்த்து ஏழு."

"உன்னை எதுக்குடா சேர்க்குற?" என்று முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு, "சறுக்கத் தெரியாதவங்களும் ஏறலாமா?"

"ஏறலாம். உட்கார்ந்தபடியே இறங்கி வந்துடணும்."

"அப்ப எனக்கொரு டிக்கெட் கிழி."

பர்மா லுங்கிக்குள் இரண்டு கால்சட்டை போட்டுக்கொண்டு ஏறினாள். பாதி வழியில் நாற்காலி நின்றுவிட்டது. கீழே ஏறுமிடத்தில் யாரோ விழுந்ததால் ஜெரால்ட்தான் நிறுத்தியிருந்தான். அது அவளுக்குத் தெரியாது. மலையை இப்போதே மூடிவிட்டார்கள் என்று நினைத்தாள். அந்தரத்தில் காலைத் தொங்கப் போட்டபடி, "ஆள் இருக்கேன்! ஆள் இருக்கேன்!" என்று தமிழில் கத்தினாள்.

கீழே வந்ததும் இன்னொரு டிக்கெட் கேட்டாள்.

"போதும் மம்மி, லுங்கியெல்லாம் நனைஞ்சிருக்கு பாரு."

"லுங்கிதானே நனைஞ்சிருக்கு. நீ கிழி."

4

இந்த இடத்தில் முதலாளி வர வேண்டும். கல்மனசுக்காரர் என்று ஒரு பத்தி எழுதி வாசித்துக் காட்டினேன்.

"ஐயையோ, அப்படி எழுதாதீங்க சயா. அவரே சூப்பு கொண்டாந்து குடுத்தாரு. வயசான மனுஷன். அடுத்த குளிருக்குத் திறக்கிறதா வேண்டாமான்னு ஏப்ரல்ல சொல்றேன்னாரு. சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கல."

பத்தியை அடித்துவிட்டேன். அவரைக் கெட்டவராக்கியிருந்தால் எனக்கு வேலை சுலபம். கூட்டம் வருகிறது என்று மனுவில் எழுத முடியாது, டிக்கெட் கணக்கே அவர் கையில்தான். கூட்டமில்லாததுதான் அழகு என்று எழுதினால், மூடுவதற்கு நாமே காரணம் எடுத்துக் கொடுத்ததாகும்.

5

முடிவு அ: மலை திறக்கும் என்று ஜெரால்டின் குரல்செய்தி வருகிறது. செசிலியா தெருவுக்கே டீ வாங்கித் தருகிறாள். [டீ வரை வந்தேன். அதற்குமேல் பேனா நகரவில்லை.]

முடிவு ஆ: விமான நிலையம். ஜெரால்ட் ஒற்றைப் பெட்டியோடு

தாளைக் கவிழ்த்துவிட்டேன். செசிலியா எதிரிலேயே இருந்தாள்.

"என்ன சயா?"

"ஒண்ணுமில்ல. தேதி தப்பாப் போச்சு."

6

கடைசியில் மனு ஒரே வரியாக நின்றது. 'ஐயா, என் மகனுக்கு இன்னும் ஒரு குளிர்காலம் கொடுங்கள்.' அவள் அதைப் போனில் வாசித்தாள்.* ஜெரால்ட் ஜப்பானிய மொழியில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தான். இன்று ஏப்ரல் பதினொன்று. பதில் இல்லை.

முடிவை நான் எழுதப்போவதில்லை. நீங்கள்தான் அந்த முதலாளி என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு முழங்கால் வலி. பிள்ளைகள் யாரும் மலைக்கு வரத் தயாரில்லை. பிப்ரவரி ஞாயிற்றுக்கிழமையிலேயே வந்தவர்கள் ஆறு பேர். மனு உங்கள் மேசையில் கிடக்கிறது.

பதிலை நிதானமாக எழுதுங்கள். அதை செசிலியாவிடம் சொல்லப்போகிறவன் நான்.

* ஜெரால்டுக்குத் தமிழ் கேட்டால் புரியும், படிக்க வராது.