சுரைக்காயைத் தின்ற கதவு

எங்கள் காரின் டிக்கி கதவுக்கு, சாவியில் இருக்கிற பட்டனை அழுத்தினால் தானாக மூடிக்கொள்ளும் வசதி உண்டு. அந்த ஒரு வசதிக்காகவே யாரோ ஓட்டித் தேய்த்த அந்தப் பழைய வண்டியைப் பிடிவாதமாக வாங்கினார் என் வீட்டுக்காரர் புகழேந்தி. போன மாதத்திலிருந்து கதவு பாதி இறங்கும், 'பீப் பீப்' என்று கத்தும், மறுபடி மேலே போய்விடும். என்ன செய்தாலும் மூடாது.

"நானே பாத்துக்கறேன்" என்றார். பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறவர். செல்போனில் வீடியோ பார்த்து மிக்சியைப் பிரித்துவிட்டு, கையில் திருகாணி மிச்சம் வைத்து மூடிய மகராசன்.

என் நச்சரிப்பு தாங்காமல்தான் மெக்கானிக் ஜியாவுல்லாவிடம் காட்டினார். ஜியாவுல்லா கதவின் ஓரத்து ரப்பரை விரலால் தடவிப் பார்த்தார்.

"சார், இந்த ரப்பருக்குள்ள சென்சார் இருக்குது. கையோ தலையோ பட்டா கதவு நின்னு மேல போயிடும். ரப்பர் வெடிச்சு உள்ள தண்ணி பூந்துடுச்சு. அதான் ஒண்ணுமே இல்லாதப்பவும் ஏதோ மாட்டிக்கிச்சுனு நினைச்சுக்குது. புதுசு மெட்ராஸ்லேர்ந்து வரணும். அதுவரைக்கும் கையால மூடுங்க. வயரை மட்டும் கட் பண்ணிடாதீங்க."

அதற்குள் பௌர்ணமி வந்துவிட்டது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் வருகிறவர்களுக்கு எங்கள் கார் டிக்கியில் அண்டாவை வைத்து அன்னதானம் போடுவோம். "அத்தனை ஜனத்துக்கு முன்னாடி கதவோட மல்லுக்கட்டிக்கினு நிக்கறதா?" என்று கேட்டவர், காலையிலேயே வயரை வெட்டி, முனையில் ஏதோ ஒரு சின்ன ரெசிஸ்டரை முறுக்கிக் கட்டினார். ரப்பர் நன்றாக இருக்கிறது என்று வண்டி நம்பிவிடுமாம். வீடியோவில் சொன்னார்களாம்.

பட்டனை அழுத்தினார். கதவு சத்தமில்லாமல் இறங்கி மூடிக்கொண்டது. தேர்தலில் ஜெயித்தவரைப் போல என்னைப் பார்த்தார்.

நான் உள்ளே போய், கூட்டுக்கு வாங்கி வைத்திருந்த சுரைக்காயை எடுத்து வந்து டிக்கி விளிம்பில் வைத்தேன். "எங்க, இப்ப மூடுங்க பாக்கலாம்."

கதவு வந்தது. காயைத் தொட்டது. நிற்கவில்லை. மொறுக்கென்று சத்தம் கேட்டது. வெள்ளைச் சதை பம்பர் மேல் வழிந்தது.

"இது ஒருத்தர் கையா இருந்தா இன்னாங்க ஆகும்?"

"நான் அழுத்தினாத்தானே மூடும், எழில்? சாவி எங்கிட்ட இருக்குது. நீ ஒரு பயந்தாங்கொள்ளி."

சாவியை என்னிடம் கொடுங்கள் என்று கெஞ்சிக்கூடப் பார்த்தேன். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற மனிதரிடம் என்ன பேசுவது?

சாயங்காலம் வேங்கிக்கால் பக்கம், போலீஸ்காரர்கள் வண்டிகளைத் தடுத்து நிறுத்தும் இடத்தில் காரைப் போட்டோம். மற்ற நாளெல்லாம் பேண்ட் போடுகிறவர், அன்னதானத்துக்கு மட்டும் வேட்டி கட்டுவார். வேட்டிக்கு ஏது பாக்கெட்? சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். நானும் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

கூட்டம் நெருக்கியடித்தது. திறந்த கதவுக்குக் கீழே தொன்னை பிடித்த கைகள் நீண்டுகொண்டே இருந்தன. வளையல் போட்ட கை, கயிறு கட்டிய கை, நடுங்குகிற கை. தொன்னையை நீட்டுவதும் அண்ணாந்து கதவைப் பார்ப்பதுமாக நின்றேன்.

சாம்பார் சாதம் அடிக்குப் போய்விட்டது. வழிக்க வேண்டும் என்று அவர் கரண்டியோடு அண்டாவுக்குள் குனிந்தார். தொப்பை மடிந்து இடுப்புச் சாவியை நசுக்கியது. மேலே கதவு அசைந்தது.

"கதவு வருது! கையை எடுங்க!" என்று அலறினேன். முன்னால் நின்றவர்கள் இழுத்துக்கொண்டார்கள். பின்னால் நின்றவர்களுக்கு என்ன தெரியும்? தள்ளிக்கொண்டே இருந்தார்கள். பச்சைப் புடவை கட்டிய ஒரு அம்மாவின் இரண்டு கைகளும் அண்டாவுக்கும் விளிம்புக்கும் நடுவில் சிக்கிக்கொண்டன.

என் வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். ஓர் எட்டு பின்னால் வைத்திருந்தால் தப்பித்திருப்பார். வைக்கவில்லை. திரும்பி, கதவுக்கு அடியில் தன் தோளைக் கொடுத்தார். கதவு நிற்கவில்லை. அவர் முழங்கால் மடங்கியது. இத்தனை வருஷத்தில் அவரிடமிருந்து நான் கேட்டிராத ஒரு சத்தம் வந்தது.

பாய்ந்து அவர் இடுப்பைப் பிடித்தேன். வியர்வை, வேட்டி மடிப்பு, மறுபடி மடிப்பு. அண்ணாமலையாரே, சாவி எங்கே? கடைசியில் கையில் தட்டுப்பட்டது. அழுத்தினேன், கதவு நின்றது. மறுபடி அழுத்தினேன், எதுவுமே நடக்காத மாதிரி மேலே போயிற்று.

அவர் அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்தார். வலது தோள் கோணலாகத் தொங்கியது. முகத்தில் ரத்தமே இல்லை. காலையிலிருந்து சேர்த்து வைத்த வசவு அத்தனையும் என் நாக்கு நுனியில் நின்றது. வாயைத் திறந்தேன்.

"அந்தம்மா கை வெளிய வந்துடுச்சா?" என்று கேட்டார்.

திரும்பிப் பார்த்தேன். பச்சைப் புடவைக்காரம்மா, சோறு ஒட்டிய இரண்டு கைகளையும் நெஞ்சோடு அணைத்தபடி நின்றார்.

"வந்துடுச்சுங்க" என்றேன். அதற்கப்புறம்தான் அவர், வலிக்கிறது என்று அழ ஆரம்பித்தார்.