அடுப்படி மார்ட்டின்

எங்கள் வீட்டில் யார் வெளியூர் கிளம்பினாலும், அடுப்பு மேடையிலிருக்கும் புனித மார்ட்டினின் மூக்கைத் தொட்டுவிட்டுத்தான் வாசல் தாண்டுவோம். உடம்பு கிடையாது, வெறும் சுண்ணாம்புக்கல் தலை. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் மடத்துக் கோயிலை உடைத்தபோது என் முப்பாட்டன் இடிபாட்டிலிருந்து தூக்கி வந்தது. எங்கள் பர்கண்டிப் பக்கத்தில் அப்படி எதையாவது தூக்கி வராத வீடு ஏது? எதிர்வீட்டுக்காரன் ஒரு தேவதூதனின் இறக்கையைக் கதவுக்கு அண்டை கொடுத்து வைத்திருந்தான்.

தொட்டுத் தொட்டு எங்கள் மார்ட்டினுக்கு மூக்கு மழுங்கிவிட்டது. காதோரம் மூன்று சுருள் முடி மட்டும் அப்படியே இருந்தது.

போன வசந்தத்தில் கோயிலின் பழைய வாசலை மறுபடி கட்ட ஆரம்பித்தார்கள். அவரவர் எடுத்த கல்லைத் திருப்பிக் கொடுங்கள் என்று பாதிரியார் பூசையில் சொல்லிவிட்டார். என் மனைவி ஒதீலுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. எங்கள் ஒரே பிள்ளை தீபோ வடகடலில் மீன் பிடிக்கப் போயிருந்தான்.

“அடுத்த தடவ கிளம்புறப்ப அவன் எதைத் தொடுவான்?” என்றாள்.

“உன் மூக்கைத் தொடட்டும். அதுவும் கல்லு மாதிரிதான இருக்கு.”

அவள் முறைத்தாள்.

“சாமி தலைய நாம வச்சுக்கிட்டு உடம்ப அங்க முண்டமா நிக்க விடுறது பாவம். குடுத்துருவோம்” என்று கடைசியில் அவளே சொன்னாள். தன் கம்பளிச் சால்வையில் தலையைச் சுற்றி, தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுபோனோம்.

கோயிலுக்குள் வைக்கோல் பரப்பி, உடைந்த கற்களை வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். திஜோன் நகரத்திலிருந்து வந்திருந்த சிற்ப நிபுணர் வெர்னே அம்மாள், மார்ட்டினின் உடம்பில் தலையை வைத்துப் பார்த்தாள். அது பொருந்தி உட்காரவில்லை. திருப்பி, அந்தச் சுருள் முடியை விரலால் தடவினாள்.

“அம்மா, இது முடி இல்ல. விரலு.”

“யார் விரலு?”

வெர்னே தலையை மூலைக்கு எடுத்துப்போனாள். அங்கே கழுத்தில் பணப்பை தொங்க ஒரு முண்டம் குந்தியிருந்தது. பின்னால் ஒரு பேய், விரல் உடைந்த கையோடு. தலையை வைத்ததும் பானைக்கு மூடி போலப் பொருந்தியது.

“வட்டிக்காரன். பழைய வாசல்ல பாவிகளச் செதுக்கியிருந்த பக்கம் இது. பேய் அவன நரகத்துக்கு இழுத்துட்டுப் போகுது.”

எனக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. “இத்தன தலமுறையா வட்டிக்காரன் மூக்கையா தடவிக்கிட்டிருந்தோம்!”

ஒதீல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். முகம் வெளுத்துப்போயிருந்தது. “அதத் தொட்டுட்டுத்தான எம்புள்ள கடலுக்குப் போயிருக்கான்” என்றாள். என் சிரிப்பு அடங்கிவிட்டது.

வெர்னேவுக்கோ மகிழ்ச்சி தாங்கவில்லை. ரொம்ப நாளாகத் தேடிய தலையாம்.

“இத எங்க வைப்பீங்க?” என்று ஒதீல் கேட்டாள்.

“அவன் இடத்துலதான். பேய் கையில.”

ஒதீல் எழுந்துபோய் அவனை வெகுநேரம் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் தலையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“சாமியா இருந்தா குடுத்திருப்பேன். சாமிக்கு இது வீடு. இவனுக்கு இங்க என்ன இருக்கு?”

“இது வெறும் கல்லும்மா.”

“இருக்கட்டும். என் மாமனார் சண்டைக்குப் போயி உசுரோட வந்தாரு. இந்த மனுசனும் வந்தாரு. வழியனுப்பினது இவன்தான். எங்க அடுப்படியில குளிர் காஞ்சுக்கிட்டிருந்தவன மறுபடி அந்தக் கையில புடிச்சுக் குடுக்கச் சொல்றீங்களா? என்னால ஆகாது.”

வெர்னே பக்கத்தில் நின்ற பாதிரியாரைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார். நான் தள்ளுவண்டியைத் திருப்பினேன்.

அறுப்பு முடியும் நேரத்தில் தீபோ வந்து சேர்ந்தான். கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான். ஆனால் திரும்பக் கிளம்பும் காலையில், மூட்டையோடு அடுப்பருகே நின்றவன் நீட்டிய கையை இழுத்துக்கொண்டான்.

“தொடுடா” என்றாள் ஒதீல். “நரகத்துலேருந்தே திரும்பி வந்தவன் அவன். அவனுக்கு வழி தெரியும்.”

தீபோ மூக்கைத் தொட்டுவிட்டு வாசல் தாண்டினான்.